தொண்டைப் புற்றுநோய்: சிகிச்சைக்குப் பின் வாழ்க்கை எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டையில் கேன்சர் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பிழைத்துக்கொள்வாரா?" என்பதுதான். நியாயமான கேள்வி. "பிழைத்தபின் எப்படிச் சாப்பிடுவார், எப்படிப் பேசுவார், வேலைக்குப் போவாரா?" என்ற அடுத்த கேள்வி பெரும்பாலும் சிகிச்சை முடிந்த பிறகே வருகிறது. அதற்குள் முக்கியமான முடிவுகள் எல்லாம் எடுத்தாகிவிடும். அந்த இரண்டாம் கேள்வியை முன்கூட்டியே கேட்க வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் ஸ்கேனையும் பயாப்சியையும் பார்த்த மருத்துவரின் சொல்தான் கடைசிச் சொல். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

தொண்டைப் புற்றுநோய் என்றால் எந்த இடம்?

மூன்று இடங்களைச் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறோம். குரல்நாண்கள் இருக்கும் குரல்வளை ஒன்று. அடிநாக்கும் டான்சிலும் இருக்கும் பகுதி இன்னொன்று. குரல்வளைக்குப் பின்னால், உணவுக்குழாய் தொடங்குவதற்குச் சற்று மேலே இருக்கும் அடித்தொண்டை மூன்றாவது. கன்னம், ஈறு, நாக்கின் முன்பகுதியில் வருவது வாய்ப் புற்றுநோய். அது வேறு கணக்கு.

குரல்நாணில் வரும் கட்டி சீக்கிரமே குரலைக் கம்மச் செய்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சிறிய சிகிச்சையோடு தப்பிக்க வாய்ப்பு அதிகம். அடித்தொண்டைக் கட்டி சத்தமில்லாமல் வளரும். விழுங்கும்போது ஏதோ சிக்குவது, ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் நெறி கட்டுவது என்று தாமதமாகவே தெரியவரும். சிகிச்சையும் அதற்கேற்பக் கனமாகிவிடும். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அப்பாவுக்கு ஆரம்ப நிலைக் குரல்நாண் கட்டி. லேசரா, கரண்டா?

நோயைத் தீர்ப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். மிக ஆரம்ப நிலையில் பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகிவிடும். ஆகவே இங்கே அப்பாவின் அன்றாட வாழ்க்கையைப் பார்த்து முடிவெடுக்க இடம் இருக்கிறது.

லேசர் என்றால் மயக்கம் கொடுத்து வாய் வழியாகவே கட்டியை எடுப்பார்கள். வெளியில் தையல் இருக்காது, ஓரிரு நாளில் வீடு. கரண்ட் வைப்பது என்று நம் ஊரில் சொல்லும் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சுமார் ஆறு வாரம் நடக்கும். ஒவ்வொரு முறையும் சில நிமிட வேலைதான். ஆனால் தினமும் போய்வர வேண்டும்.

குரல் எதில் நன்றாக இருக்கும்? பின்லாந்தில் 60 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2014-ல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து மொத்தக் குரல்தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. லேசர் செய்தவர்களின் குரலில் காற்று அதிகம் கலந்திருந்தது. கதிர்வீச்சு பெற்றவர்கள் குரல் கம்மலால் தங்களுக்கு அன்றாடத் தொல்லை குறைவு என்றார்கள்.

குரலை வைத்துப் பிழைக்கும் ஆசிரியருக்கோ ஓதுவாருக்கோ கதிர்வீச்சு பொருந்தலாம். நிலத்தை விட்டுவிட்டு ஆறு வாரம் நகரத்தில் அறை எடுத்துத் தங்க முடியாதவருக்கு லேசர்தான் வசதி. இன்னொன்றையும் யோசியுங்கள்: முழு அளவு கதிர்வீச்சை ஒரே இடத்தில் பொதுவாக ஒருமுறைதான் கொடுக்க முடியும். லேசரைத் திரும்பவும் செய்யலாம், பிறகு தேவைப்பட்டால் கதிர்வீச்சும் கையிருப்பில் இருக்கும். இளவயதுக்காரர்களுக்கு லேசரை முதலில் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

முற்றிய நிலை என்கிறார்கள். குரல்வளையை எடுக்காமல் காப்பாற்ற முடியாதா?

பலருக்கு முடியும். ஆனால் காப்பாற்றிய குரல்வளை வேலை செய்யுமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

1991 வரை முற்றிய குரல்வளைப் புற்றுநோய்க்கு முழுக் குரல்வளையையும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பதே வழக்கமாக இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு அதை மாற்றியது. 332 பேரில் பாதிப் பேருக்கு அறுவையும் கதிர்வீச்சும்; மீதிப் பேருக்கு முதலில் கீமோ, அதற்குக் கட்டி சுருங்கினால் கதிர்வீச்சு. இரண்டு ஆண்டு முடிவில் இரு பக்கத்திலும் உயிரோடு இருந்தவர்கள் 68 சதவீதம். கீமோ பக்கத்தில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பியது. அடுத்து 2003-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், கதிர்வீச்சோடு கீமோவையும் ஒரே சமயத்தில் கொடுத்தபோது இரண்டு ஆண்டில் 88 சதவீதம் பேருக்குக் குரல்வளை தங்கியது. தனிக் கதிர்வீச்சில் அது 70 சதவீதம்.

இதைக் கேட்டவுடன் "அப்போ எடுக்கவே வேண்டாம்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதே 2003 ஆய்வில் இருந்தவர்களைப் பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் புற்றுநோய் அல்லாத காரணங்களால் இறந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். 2008-ல் இப்படிப்பட்ட மூன்று ஆய்வுகளின் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்ததில், 43 சதவீதம் பேருக்குக் கடுமையான பிற்காலப் பாதிப்பு இருந்தது. விழுங்க முடியாமை, குரல்வளை வீங்கி மூச்சுத் திணறல், குழாய் வழி உணவு போன்றவை அவை.

குரல்வளை பேசுவதற்கு மட்டும் இல்லை. சோறு போகும் வழியும் காற்று போகும் வழியும் சந்திக்கும் இடத்தில் அதுதான் லெவல் கிராசிங் கேட். கதிர்வீச்சில் அந்த கேட் விறைத்துப்போய் மூடாமல் நின்றுவிட்டால் ஒவ்வொரு வாய்க்கும் புரையேறும், நுரையீரலில் சளி கட்டும், நிமோனியா வரும். அதனால் கட்டி குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டது, சிகிச்சைக்கு முன்பே புரையேறுகிறது, மூச்சுக்காக ஏற்கனவே கழுத்தில் ட்யூப் போட்டாகிவிட்டது என்ற நிலைகளில் அனுபவமுள்ள மருத்துவர்கள் பலர் குரல்வளையை எடுப்பதையே சொல்வார்கள். அதைக் கேட்டு, மருத்துவர் அவசரப்படுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். கதிர்வீச்சு தோற்றபிறகு எடுக்கும்போது புண் ஆறத் தாமதமாகும், தொண்டையிலிருந்து கழுத்துத் தோலுக்கு ஓட்டை விழுந்து எச்சில் கசியும் ஆபத்தும் கூடும். அதைத் தடுக்கச் சில சமயம் நெஞ்சுத் தசையை எடுத்து வைத்துத் தைப்பார்கள்.

குரல் போவதற்குச் செத்துவிடலாம் என்கிறார் மாமா. என்ன சொல்வது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1981-ல் அமெரிக்காவில் 37 ஆரோக்கியமானவர்களிடம் (தீயணைப்பு வீரர்களும் நிறுவன மேலாளர்களும்) இதைக் கேட்டுப் பார்த்தார்கள். பிழைக்கும் வாய்ப்பு குறைந்தாலும் பரவாயில்லை, குரல் இருக்கட்டும் என்றவர்கள் ஐந்தில் ஒருவர்.

அது நோய் வராதவர்கள் சொன்ன பதில். நோயைக் கடந்தவர்கள் சொன்னது கொஞ்சம் வேறு. மேலே சொன்ன படைவீரர் ஆய்வில் பிழைத்திருந்தவர்களைப் பல ஆண்டு கழித்து விசாரித்து 1998-ல் எழுதினார்கள். குரல்வளை தப்பியவர்களின் வாழ்க்கைத்தரம் ஓரளவு மேலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் பேச்சினால் வந்ததைவிட, வலி குறைவு, மனச்சோர்வு குறைவு என்பவற்றால் வந்ததாகவே தெரிந்தது. குரல்வளையை எடுத்தவர்களுக்கும் வலிக்கும் மனச்சோர்வுக்கும் ஒழுங்காக மருந்து கிடைத்தால் இடைவெளியின் பெரும்பகுதியைக் குறைக்கலாம் என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாமாவிடம் வாதாடாதீர்கள். குரல்வளை எடுத்து இரண்டு மூன்று ஆண்டு ஆன ஒருவரை மருத்துவமனை மூலமாகக் கேட்டு நேரில் சந்திக்க வையுங்கள். டாக்டர் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அவர் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு "காபி சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்குப் பலன் அதிகம்.

குரல்வளையை எடுத்தபின் எப்படிப் பேசுவது?

குரல்வளையை எடுக்கும்போது மூச்சு விடுவதற்காகக் கழுத்தின் முன்பக்கம் நிரந்தரமாக ஒரு துளை வைத்துவிடுவார்கள். அதன்பின் பேச மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே சின்னத் துளை போட்டு, ஒரு வழியாக மட்டும் காற்றை விடும் வால்வு பொருத்துவது. கழுத்துத் துளையை விரலால் மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியாகத் தொண்டைக்குப் போய் அங்குள்ள சதையை அதிரவைக்கும். நாக்கும் உதடும் பழையபடி சொற்களை உருவாக்கும். 1980-ல் அமெரிக்காவில் சிங்கர், பிளோம் என்ற இருவர் அறிமுகப்படுத்திய முறை இது. சிலர் சில நாள் பயிற்சியிலேயே பேசத் தொடங்கிவிடுவார்கள். குரல் கனத்து, கரகரப்பாக இருக்கும். பெண்களுக்கு இது கூடுதல் சங்கடம். போனில் "சார்" என்று கூப்பிடுவார்கள். முன்னாலேயே சொல்லி வைப்பது நல்லது.

வால்வு நிரந்தரம் இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெளிநோயாளிப் பிரிவிலேயே செய்வார்கள். தண்ணீர் குடித்தவுடன் இருமல் வந்தால் வால்வு கசிகிறது என்று பொருள். வால்வு முழுதாகக் கழன்று வந்துவிட்டால் துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும், அதனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வால்வு உள்ளே விழுந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அது அவசரம். வெளிநாட்டு வால்வுகள் பல ஆயிரம் ரூபாய். பெங்களூரு அறுவை மருத்துவர் விஷால் ராவ், தொழில்துறை நண்பர் ஒருவரோடு சேர்ந்து 'ஓம்' என்ற வால்வை உருவாக்கி 50 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். உங்கள் மருத்துவமனையில் எது கிடைக்கும், மாற்றுச் செலவு எவ்வளவு என்பதை அறுவைக்கு முன்பே கேளுங்கள்.

இரண்டாவது, எலக்ட்ரோலாரிங்ஸ். டார்ச் லைட் அளவில் பேட்டரியில் ஓடும் கருவி. கழுத்தில் அழுத்தி வைத்து வாயசைத்தால் ரோபோ பேசுவதுபோலக் கேட்கும். சீக்கிரம் பழகிவிடலாம். கதிர்வீச்சில் கழுத்து இறுகிப்போனவர்களுக்கு அதிர்வு உள்ளே போகாது. அவர்கள் வாய்க்குள் வைக்கும் சிறு குழாயைப் பொருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து ஏப்பம்போல வெளிவிட்டுப் பேசுவது. கருவியும் வேண்டாம், செலவும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், எல்லோருக்கும் வராது.

அறுவைக்கு முன் குரலைப் பதிவு செய்து வைக்கலாமா?

கட்டாயம் செய்யுங்கள், மொபைலே போதும். ஹாலிவுட் நடிகர் வால் கில்மர் தொண்டைப் புற்றுநோயால் குரலை இழந்தபின், அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு லண்டன் நிறுவனம் ஒன்று 2021-ல் அவர் குரலைச் செயற்கை நுண்ணறிவில் மீட்டெடுத்தது. அது நமக்கு எட்டாவிட்டாலும், தட்டச்சு செய்த தமிழை வாசித்துக்காட்டும் வசதி சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் முதல் இரண்டு வாரம் எதுவும் பேச முடியாது. அதற்கு ஒரு சிலேட்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தண்ணீர், வலி, பாத்ரூம், சளி என்று படம் போட்ட அட்டையும் தயாராக வையுங்கள்.

கழுத்துத் துளையோடு குளிப்பது, வெளியே போவது எல்லாம் எப்படி?

முழுக் குரல்வளையையும் எடுத்தவருக்கு மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. இதை வீட்டில் எல்லோரும் மனதில் பதிக்க வேண்டும். அவசரத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை முகத்தில் வைத்தால் பயனில்லை, கழுத்தில்தான் வைக்க வேண்டும். "நான் கழுத்து வழியாக மட்டுமே மூச்சு விடுகிறேன்" என்று எழுதிய அட்டை சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

மூக்கு செய்துவந்த வேலை (காற்றைச் சூடாக்குவது, ஈரமாக்குவது, தூசி வடிப்பது) இப்போது யாரும் செய்வதில்லை. அதனால் முதல் சில மாதம் சளி நிறைய வரும், காய்ந்து கட்டியாகவும் அடைக்கும். துளைமேல் பொருத்தும் ஈரம் காக்கும் வடிகட்டி இதற்கு நல்ல தீர்வு. வாங்க முடியாவிட்டால் ஈரமாக்கிப் பிழிந்த மெல்லிய துணியைக் கழுத்தில் கட்டிக்கொள்ளலாம். தாளிக்கும் புகை, சாம்பிராணி, பைக்கில் போகும்போது அடிக்கும் தூசி எல்லாம் நேரே நுரையீரலுக்குப் போகும்.

குளிக்கலாம், தோளுக்குக் கீழே ஊற்றிக்கொண்டு, தலைக்குக் குளிக்கும்போது குனிந்து துளையை மறைத்துக்கொள்ளுங்கள். ஆறு, குளம், கடலில் இறங்கி முங்குவது கூடாது. கோயில் தீர்த்தத்துக்குப் போனால் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

யாரும் முன்னால் சொல்லாத சின்ன விஷயங்கள் சில. சூடான காபியை ஊதிக் குடிக்க முடியாது. மூக்குச் சிந்த முடியாது. மூச்சை அடக்கி முக்க முடியாததால் கனமான மூட்டை தூக்குவதும் மலம் கழிப்பதும் சிரமம், எனவே மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசனை தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது, வீட்டில் கசிவு அலாரம் ஒன்று மாட்டுவது நல்லது. நெதர்லாந்து சிகிச்சையாளர்கள் கண்டுபிடித்த ஒரு பயிற்சி இதற்கு உதவும்: உதட்டை மூடிக்கொண்டு, கொட்டாவியை மறைக்கிற மாதிரி தாடையையும் நாக்கையும் கீழே இறக்க வேண்டும். அப்போது மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வரும், வாசனை தட்டும். தினமும் செய்தால் பலருக்கு மோப்பம் திரும்புகிறது, சாப்பாட்டின் ருசியும் கூடுகிறது.

கரண்ட் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. ஏன் இன்னும் மோசமாகிறது?

கதிர்வீச்சின் வேலை கடைசி நாளோடு நிற்பதில்லை. வாய்ப்புண்ணும் தொண்டை எரிச்சலும் முடிந்த ஒன்றிரண்டு வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கும். இது தெரியாமல் "சிகிச்சை பலிக்கவில்லை" என்று பயந்துபோகிறவர்கள் நிறைய.

இந்த நாட்களில் வலி மருந்தைச் சிக்கனம் பண்ணாதீர்கள். தேவைப்பட்டால் மார்ஃபின்கூட எழுதித் தருவார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வலி மருந்து எடுத்தால் நாலு வாய் கூடுதலாக இறங்கும். வெதுவெதுப்பான நீரில் சிட்டிகை உப்பும் சமையல் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கலாம். கடையில் விற்கும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். காரம், புளி, ஊறுகாய், மொறுமொறுப்பு எல்லாவற்றுக்கும் கொஞ்ச நாள் லீவு. குழைந்த சாதத்தில் பருப்பும் நெய்யும், இளகலான கேழ்வரகுக் கூழ், முட்டை கலந்த கஞ்சி என்று சத்துள்ளதாகக் கொடுங்கள். வெறும் இளநீரும் ரசமும் எடையைக் காப்பாற்றாது. ருசி திரும்பச் சில மாதங்கள் ஆகும். உப்பில்லை என்று தட்டைத் தள்ளினால் சமைத்தவர் மனம் நோகவேண்டாம், நாக்கின் கோளாறு அது.

வாய் வறண்டுகொண்டே இருக்கிறது. எச்சில் மறுபடி ஊறுமா?

எச்சில் சுரப்பிகளுக்கு எவ்வளவு கதிர்வீச்சு போனது என்பதைப் பொறுத்தது. காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பிகளைத் தவிர்த்துக் கதிரைச் செலுத்தும் ஐ.எம்.ஆர்.டி. முறையைப் பழைய முறையோடு ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2011-ல் வந்தது. ஓராண்டு கழித்துக் குறிப்பிடத்தக்க வறட்சி இருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், புதிய முறையில் 38 சதவீதம். கதிர்வீச்சு தொடங்குமுன் "எந்த முறையில் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்க இந்த ஓர் எண்ணே போதும். முடிந்தபின் செய்ய முடிவது குறைவு: தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருப்பது, சர்க்கரையில்லாத சூயிங்கம், செயற்கை எச்சில் மருந்து. இட்லியைச் சட்னியோடு தொட்டுச் சாப்பிட்டவர் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிடப் பழகிக்கொள்வார்.

விழுங்குவதைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் நாள் போகப் போக மனிதரை ஒடுக்குவது இதுதான். பேச்சு குறைந்தாலும் ஒருவர் கல்யாணத்துக்குப் போவார். பந்தியில் உட்கார்ந்து புரையேறி, இருமி, எல்லோரும் திரும்பிப் பார்த்தால் அடுத்த கல்யாணத்துக்குப் போகமாட்டார்.

கதிர்வீச்சு பட்ட தொண்டைத் தசை மெல்ல மெல்லத் தழும்பாகிறது. சிலருக்கு ஐந்து, பத்து ஆண்டு கழித்துக்கூட விழுங்குவது மோசமாகலாம். மோசமானதில் மோசம், இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குப் போவது. உணர்ச்சி மரத்துப்போனதால் உடம்பு எச்சரிக்காது. சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கொழகொழப்பது, காரணமில்லாத காய்ச்சல், எடை இறங்குவது, அடிக்கடி நெஞ்சுச் சளி ஆகியவை துப்பு. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தோ, மூக்கு வழியாகச் சிறு கேமரா விட்டோ எங்கே தவறுகிறது என்று பார்த்துவிடலாம்.

இதில் நோயாளி கையில் இருப்பதும் நிறைய. கதிர்வீச்சு நடக்கும் வாரங்களிலும் வாய் வழியாக ஏதாவது சாப்பிட்டுக்கொண்டு, விழுங்கும் பயிற்சிகளையும் விடாமல் செய்தவர்களே பிறகு நன்றாகச் சாப்பிட்டார்கள், குழாயையும் சீக்கிரம் கழற்றினார்கள் என்று ஹூஸ்டனில் நடந்த ஆய்வு 2013-ல் சொன்னது. மூக்கிலோ வயிற்றிலோ குழாய் போட்டிருந்தாலும், மருத்துவர் தடுக்காதவரை, நாலு ஸ்பூன் கஞ்சியாவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்பதைப் பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லட்டும். யூடியூபைப் பார்த்துத் தலையை இப்படிச் சாய், அப்படிச் சாய் என்று செய்வது சிலருக்குப் புரையை அதிகமாக்கும். அந்தச் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டிய நேரம் சிகிச்சைக்கு முன்னால். பல இடங்களில் கடைசியில்தான் அனுப்புகிறார்கள். நீங்களே கேட்டுப் போங்கள்.

கதிரைத் திட்டமிடும்போதே விழுங்கும் தசைகளை ஒதுக்கிக்கொள்ளவும் முடியும். பிரிட்டன், அயர்லாந்தில் 112 பேரிடம் செய்த ஆய்வு 2023-ல் வெளியானது. அப்படி ஒதுக்கியவர்கள் ஓராண்டு கழித்து விழுங்குதல் மதிப்பெண்ணில் (கூடக் கூட நல்லது) நூற்றுக்கு 77.7, வழக்கமான ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்கள் 70.6. உணவுக்குழாய் வாய் சுருங்கிவிட்டால் மயக்கம் கொடுத்து விரிவுபடுத்தவும் செய்வார்கள்.

டான்சிலில் வந்தது, உடலுறவு வழியாகப் பரவும் எச்.பி.வி. வைரஸால் என்கிறார்கள். ரோபோ அறுவை நல்லதா?

விளம்பரம் அப்படிச் சொல்கிறது. சான்று அவ்வளவு தெளிவாக இல்லை. வாய் வழியாக ரோபோ கருவியால் செய்யும் அறுவையைக் கதிர்வீச்சோடு ஒப்பிட்டு 2019-ல் வெளியான கனடிய ஆய்வில் 68 பேர். ஓராண்டில் விழுங்குதல் மதிப்பெண் கதிர்வீச்சுப் பக்கம் 86.9, ரோபோ அறுவைப் பக்கம் 80.1. நோயாளியே உணரும் வித்தியாசத்துக்குப் பத்துப் புள்ளி வேண்டும் என்பது கணக்கு, ஆகவே கிட்டத்தட்டச் சமம் என்று கொள்ளலாம். கதிர்வீச்சில் காது பாதிப்பு கூடுதல், அறுவையில் வாய் திறக்கச் சிரமம் கூடுதல். அறுவைக்குப் பின்னும் கதிர்வீச்சு தேவைப்படுமா என்று கேளுங்கள். தேவைப்படும் என்றால் இரண்டின் தொல்லையும் சேர்ந்துவிடும். மனைவிக்குத் தொற்றுமா என்ற பயம் பலருக்கு உண்டு. பல ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அந்த வைரஸ் அறிமுகம் எப்போதோ நடந்து முடிந்திருக்கும், இனிமேல் விலகி இருக்கத் தேவையில்லை.

வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பல்: கதிர்வீச்சுக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்து, கெட்ட பல்லைப் பிடுங்கிப் புண் ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து ஆயுள் முழுவதும் உண்டு. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் "கழுத்தில் கரண்ட் வைத்திருக்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். தாடை: உங்கள் மூன்று விரல் வாய்க்குள் செங்குத்தாகப் போகிறதா என்று தினமும் பாருங்கள், போகாவிட்டால் பயிற்சி வேண்டும். தைராய்டு: சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை என்று வந்தால் வயதின் மேல் பழி போடாதீர்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை அவசியம், தைராய்டு சுரப்பு குறைந்தால் தினம் ஒரு மாத்திரை போதும். காது: சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கேட்கும் திறனைக் குறைக்கலாம், இரைச்சலும் வரலாம். தோள்: கழுத்து நெறிகளை எடுத்தவர்களுக்குக் கை தலைக்கு மேல் உயராமல் போகலாம், சீக்கிரம் பிசியோதெரபி தொடங்கினால் தேறும்.

செலவு, வேலை, சலுகைகள்?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அறுவையும் கதிர்வீச்சும் அதில் நடந்துவிடும். கையைக் கடிப்பது அதற்குப் பின் வரும் வால்வு, வடிகட்டி, பயணச் செலவு. ரயிலில் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுதும் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனைச் சான்று வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குரல்வளை அகற்றப்பட்டதால் வரும் நிரந்தரப் பேச்சுக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வேலையில் இருப்பவர் என்றால், இந்தக் காரணத்துக்காக அரசு அலுவலகம் அவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது.

வீட்டுக்காரர் முகம் கொடுத்தே பேசுவதில்லை. இது மனநோயா?

மனச்சோர்வாக இருக்கலாம், இந்த நோயில் அது மிக அதிகம். தற்கொலை ஆபத்து மற்ற பல புற்றுநோய்களைவிடத் தலை, கழுத்துப் புற்றுநோயில் கூடுதல். தூக்கமின்மை, "நான் பாரம்" என்ற பேச்சு, மருந்தைத் தவிர்ப்பது எல்லாம் எச்சரிக்கை. மனநல மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் தைராய்டும் பாருங்கள், அது குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

அவர் மெதுவாகப் பேசும்போது வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். வந்தவர்கள் அவரை விட்டுவிட்டு உங்களிடம் நலம் விசாரித்தால், "அவரையே கேளுங்க" என்று சொல்லுங்கள். அப்புறம், பார்த்துக்கொள்கிறவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். இரவில் சளி உறிஞ்சும் வேலையை மகனோ மகளோ மாற்றி மாற்றிச் செய்யட்டும்.

எல்லாம் முடிந்தது. இனி ஒரு பீடி, ஒரு கட்டிங் ஆகாதா?

ஆகாது. அதே வாய், தொண்டை, நுரையீரலில் புதிதாக இன்னொரு புற்றுநோய் வரும் ஆபத்து புகையாலும் மதுவாலும் கூடுகிறது. வெற்றிலைப் பாக்கும் அதே பட்டியல்தான். கதிர்வீச்சு நடக்கும்போது புகைத்தால் சிகிச்சையின் பலனே குறையும்.

எவ்வளவு நாளில் பழைய நிலைக்கு வரலாம்? பரிசோதனைக்கு எப்போதெல்லாம் போக வேண்டும்?

பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடியும் சமயம்தான் அடிமட்டம். மூன்றாவது மாதத்திலிருந்து ஏறத் தொடங்கி, ஓராண்டில் மொத்த நலம் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வரும். வாய் வறட்சி, விழுங்கும் சிரமம் போன்றவை மட்டும் பலருக்கு மிச்சம் இருக்கும். ஓராண்டில் இருக்கும் நிலையை வைத்தே வேலை, கடன், மகள் கல்யாணம் போன்றவற்றைத் திட்டமிடுங்கள், ஆறாவது வாரத்து நிலையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

முதல் ஆண்டு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டு இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு, ஐந்தாம் ஆண்டுவரை நாலு முதல் எட்டு மாதத்துக்கு, பிறகு வருடம் ஒருமுறை என்பது பொதுவான அட்டவணை. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள்தான். கழுத்தில் புதுக் கட்டி, இருமலில் ரத்தம், புதிதாக ஒரு பக்கக் காதுவலி, திரும்பவும் குரல் கம்முவது, சாப்பாடு திடீரென இறங்காமல் போவது என்று எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போய்விடுங்கள். மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அன்று இரவே, 108-ஐக் கூப்பிட்டாவது.